ஏ டிரைவில் அம்மாவின் கடுதாசி

அந்தச் சத்தம் ஞாபகம் இருக்கா உங்களுக்கு? சதுரத் தட்டை உள்ளே தள்ளினதும் 'டடக்' என்று ஒரு பூட்டு விழும், 'ஊம்ம்' என்று மோட்டார் முனகும், அப்புறம் 'டக்… டக்… கர்ர்ர்… டக்' என்று உள்ளே யாரோ இருட்டில் தடவித் தடவி நடக்கிற மாதிரி ஒரு சத்தம். போன மாசம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ராயபுரம் கல்மண்டபம் பக்கத்தில் எங்கள் வீட்டுக் கூடத்தில், இருபது வருஷத்துக்கும் மேல் கழித்து அதைக் கேட்டேன். குதித்தேன். ஐம்பதைத் தொடப் போகிற ஆள், லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, குழந்தை மாதிரி குதித்தேன். "இன்னாடா, எலி கொறிக்குதா?" என்று சமையல்கட்டிலிருந்து அம்மா எட்டிப் பார்த்தாள்.

பரணில் ஒரு பிஸ்கட் டப்பா. அதற்குள் பத்து ஃப்ளாப்பி. 2001-இல் நான் டி.டி.பி. சென்டரில் வேலை பார்த்த காலத்துச் சொத்து! கல்யாணப் பத்திரிகை, கேரம் போட்டி நோட்டீஸ், கண்ணீர் அஞ்சலி போஸ்டர் என்று ஒவ்வொன்றின் மேலும் பேனாவால் எழுதியிருந்தேன். ஒன்றின் மேல் மட்டும் 'அம்மா – அண்ணன் லெட்டர்'. அதைப் பார்த்ததும் எனக்குக் கை கால் ஓடவில்லை.

லேப்டாப்பில் ஏது ஃப்ளாப்பி வாய்? யு.எஸ்.பி.யில் சொருகுகிற டிரைவ் ஒன்று வாங்கினேன். சொருகினேன், திரையில் 'ஏ' டிரைவ் வந்து நின்றது பாருங்கள், ஊரை விட்டுப் போன பால்ய சிநேகிதன் திடீரென்று வாசலில் நிற்கிற மாதிரி! ஆனால் தட்டைப் போட்டதும் 'ஃபார்மட் செய்யலாமா?' என்று கேட்டது. ஐயோ, அந்த இடத்தில் மட்டும் கை தவறி 'சரி' என்று அழுத்திவிடாதீர்கள், இல்லை என்று சொல்லுங்கள், நூறு தபா கேட்டாலும் இல்லை என்றே சொல்லுங்கள். அதற்கும் முன்னாலேயே தட்டின் மூலையில் இருக்கும் குட்டித் தாழ்ப்பாளைத் தள்ளி அந்த ஓட்டையைத் திறந்து விடுங்கள். ஓட்டை திறந்திருந்தால் டிரைவ் படிக்கும், எழுதாது.

அப்புறம் தட்டின் இரும்பு மூடியை விரலால் நகர்த்தி, நடுவிலிருக்கும் வட்டத்தை மெல்லச் சுற்றி வெளிச்சத்தில் பார்த்தேன். வெள்ளை வெள்ளையாகப் பூஞ்சை. பின்னே, காசிமேட்டுக் காற்று சும்மா விடுமா? எங்கள் பக்கம் ஜன்னல் கம்பியையே தின்கிற உப்பும் ஈரமும் அது. பஞ்சுக் குச்சியை ஐசோப்ரோபைல் ஆல்கஹாலில் நனைத்து, வட்டத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பித் திருப்பி, இரண்டு பக்கமும் ஒற்றி ஒற்றி எடுத்தேன். மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒன்றரை மணி நேரம். குழந்தைக்குக் காது குடைகிற பதம் வேண்டும் அதற்கு! கழுவின தட்டு ஓடியது. முக்கால்வாசி வந்தது. மிச்சத்தில் அந்த யு.எஸ்.பி. டிரைவ் முக்கி முனகி நின்றுவிட்டது.

இங்கேதான் எனக்கு அதிர்ஷ்டம் அடித்தது. திருவொற்றியூரில் லேத் பட்டறை வைத்திருக்கும் சிநேகிதன் ஒருத்தன், தன் பழைய சி.என்.சி. மெஷினில் ஃப்ளாப்பி டிரைவைக் கழற்றிவிட்டு, பென் டிரைவ் சொருகுகிற பெட்டியை மாட்டியிருந்தான். கழற்றின டிரைவ் பட்டறை அலமாரியில் எண்ணெய்ப் பிசுக்கோடு கிடந்தது. சோனி 2011-லேயே ஃப்ளாப்பி செய்வதை நிறுத்திவிட்டது, ஜப்பான் அரசாங்கமே 2024-இல்தான் அதைத் தலைமுழுகியது, இங்கே என் கையில் உயிரோடு ஒரு டிரைவ்! பிசுக்கைத் துடைத்து, ஹெட்டைச் சுத்தம் செய்து, 34 முனை கேபிளை மாட்டி, கிரீஸ்வீசல் என்கிற உள்ளங்கை அளவு போர்டு வழியாக லேப்டாப்போடு இணைத்தேன். அந்த போர்டு இருக்கே, அதைக் கோயில் கட்டிக் கும்பிடலாம். அது டிரைவிடம் 'கோப்பு எங்கே' என்றெல்லாம் கேட்காது, தட்டில் காந்தம் எங்கெங்கே திசை மாறுகிறதோ அதை அப்படியே அள்ளிக்கொண்டு வரும். ஒரு பக்கத்துக்கு 80 டிராக், இரண்டு பக்கம், ஆக 160. ஒவ்வொரு டிராக்குக்கும் திரையில் ஒரு வரி விழும், 18 செக்டரில் எத்தனை கிடைத்தது என்று. நினைத்துப் பாருங்கள், 18-க்கு 18, 18-க்கு 18 என்று வரி வரியாக இறங்குகிறது, நான் நாற்காலி நுனியில், ஒரு வரி 17-க்கு வந்து நிற்கிறது, டிரைவ் பின்னால் போய் மறுபடி வருகிறது, கர்ர்ர், இன்னும் 17, மறுபடி கர்ர்ர், 'வா வா வா கண்ணு' என்று நான் திரையைப் பார்த்துக் கெஞ்சுகிறேன், அம்மா கையில் கரண்டியோடு பக்கத்தில் வந்து நிற்கிறாள், கர்ர்ர்… 18! அந்த நிமிஷம் நான் போட்ட கத்தலில் எதிர்வீட்டு நாய் குரைத்தது. பத்தில் ஒரு தட்டில் பூச்சே உரிந்து போயிருந்தது. போகட்டும், ஒன்பது வந்ததே!

கோப்பைத் திறந்தால் வெறும் ஆங்கில எழுத்து. எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்று கன்னாபின்னாவென்று. எனக்குச் சிரிப்பு பொங்கியது, ஏனென்றால் எனக்குத் தெரியும், அது பாமினி! யூனிகோடு நம் பக்கம் பரவாத காலம், ஆங்கில எழுத்து உட்காரும் நாற்காலியில் தமிழ் எழுத்தை உட்கார வைத்துத்தான் டி.டி.பி. உலகமே ஓடியது. பாமினி எழுத்துருவை நிறுவி, எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து, எழுத்துருவை மாற்றினேன். எம், கே, அரைப்புள்ளி, கே, எச் போன இடத்தில் 'அம்மா' என்று இருந்தது. கண் முன்னால், ஒரே சொடுக்கில், பக்கம் முழுக்கத் தமிழ் பூத்தது.

அம்மா சொல்லச் சொல்ல நான் தட்டின கடுதாசி அது, சிங்கப்பூரில் வேலைக்குப் போன அண்ணனுக்கு. அப்போது அதை மின்னஞ்சலில் ஒட்டி அனுப்பினேன், அவன் கம்ப்யூட்டரில் பாமினி இல்லை, 'இன்னாடா ஒண்ணுமே புரியல' என்று பதில் போட்டான். அப்புறம் எஸ்.டி.டி. பூத்திலிருந்து பேசிக்கொண்டோம், கடுதாசியை எல்லாருமே மறந்துபோனோம். நெத்திலி கிடைச்சுது, ஆக்குனேன், நீ இல்லாம தொண்டையில எறங்கல, ராத்திரிக்கு இன்னா துன்ற, பொய் சொல்லாம எழுது என்று அம்மா கேட்டிருந்தாள். அதை யூனிகோடுக்கு மாற்றி அன்றைக்கு ராத்திரியே அண்ணனுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன்.

அடுத்த நிமிஷம் போன் அடித்தது. ஸ்பீக்கரில் போட்டு அம்மாவிடம் நீட்டினேன்.

"பிரெட்டும் டீயும்தாம்மா," என்றான் அண்ணன். "அப்ப சொல்லியிருந்தா நீ அழுதிருப்ப."