மாமியும் சுராங்கனியும்: ஈழத்துப் பொப்பிசையின் எச்சம்

ஓர் இசைக்குழுவின் பெருமையை விற்பனையான இசைத்தட்டுக்களின் தொகை கொண்டு அளப்பார் உளர். அக்குழு விட்டுச்சென்ற எச்சம் கொண்டு அளத்தலே முறையாகும். 1970ஆம் ஆண்டிற் பிரிந்த லிவர்பூல் நால்வராகிய பீற்றில்ஸ் குழுவினரின் பாடல்கள் இன்றும் பாடப்படுகின்றன. அதனினும் பெரிது, சாதாரண இளைஞரும் தாமே பாட்டுக்கட்டித் தாமே பாடலாம் என்னும் துணிவை அவர்கள் பரப்பியமை. அத்துணிவு ஈழத்துத் தமிழில் எடுத்த வடிவமே பொப்பிசை எனலாம்.

நித்தி கனகரத்தினம், ஏ. ஈ. மனோகரன் ஆகியோர் புகழெய்திய காலத்தில் வானொலியிற் கோலோச்சியது தென்னிந்தியத் திரைப்பாடல். இவர்களோ கித்தாரை ஏந்தி, திண்ணைப் பேச்சைப் பாட்டாக்கினர். தாளமும் அயலூர் இரவலன்று. போர்த்துக்கேயர் வரவோடு இக்கரையோரத்தில் வேரூன்றிய ஆட்டமரபினது அது. கல்முனைக்கு வடக்கே ஏறக்குறைய 40 கிலோமீற்றரிலுள்ள மட்டக்களப்பிலே, பறங்கியர் திருமணங்களிற் கப்ரிஞ்ஞாவாக ஆடப்பட்டது. வொலி பெஸ்டியன் என்ற பொலிஸ் உத்தியோகத்தர் வழியே சிங்களப் பைலாவாகவும் செழித்தது.

'சின்ன மாமியே' பாடலை வெறுங் கேலிப்பாட்டென ஒதுக்குவோர் அதன் விளியைக் கவனித்திலர். காதலியை அழையாது அவள் தாயை அழைக்கின்றான் இளைஞன். பாடலின் மொழி யாழ்ப்பாணத்தது. எனினும் அவ்விளி எங்கள் கரையோரத்தில் வேறு கனம் பெறுகின்றது. இங்கே சோனகரிடையேயும் தமிழரிடையேயும் வீடு மகளுக்கே சீதனமாகச் செல்லும். மாப்பிள்ளை பெண்வீட்டிற்கே குடிபுகுவான். ஆகவே மாமி என்பவள் அவன் வாழப்போகும் வீட்டின் தலைவி. கல்முனையிலே அப்பாட்டைக் கேட்பவன் நகைப்போடு சிறிது அச்சமும் கொள்ளுதல் இயல்பே!

மனோகரனின் 'சுராங்கனி' தமிழையும் சிங்களத்தையும் ஒரே மெட்டில் அமர்த்திக் கடல் கடந்தது. 1977இல் 'அவர் எனக்கே சொந்தம்' திரைப்படத்தில் இளையராசா இசையிலும் அது ஒலித்தது. மனோகரன் 2018இற் சென்னையிற் காலமானார். பாட்டு இன்னும் கலியாண வீடுகளில் உலவுகின்றது. ஆயின் பின்வந்தோர் பலர் தாளத்தைக் கைக்கொண்டு பேச்சைக் கைவிட்டனர் என்பதே எம் குறை. ஆறெட்டுத் தாளத்திற்கு எச்சொல்லும் பொருந்தும் என்பது அவர்தம் எண்ணம் போலும்.

இன்னொன்றும் உண்டு. நிலைபெற்ற பொப்பாடல்களில் உம்மாவும் வாப்பாவும் பேசும் தமிழுக்குக் கிடைத்த இடம் மிகச் சிறிது. வி. சீ. கந்தையா 1964இல் வெளியிட்ட 'மட்டக்களப்புத் தமிழகம்' இப்பகுதி நாட்டுக்கவிகளின் செல்வத்தைக் கற்றோர்முன் வைத்தது. அக்கவி நீட்டி இழுத்து ஆறுதலாகச் செல்வது. துள்ளல் நடைக்கு எளிதில் இசையாது. இது மெய்யான இடர்ப்பாடே. எனினும் கல்முனைக் கடற்கரைப்பள்ளிக் கொடியேற்றத்திற் பக்கீர்மார் றபான் கொட்டிப் பாடக் கேட்டவர், தாளம் எங்களிடம் இல்லையென்று சொல்லார். அதனருகே கித்தாரோடு அமர்ந்து, எங்கள் ஊர் மாமியை எங்கள் ஊர்ச் சொல்லால் அழைப்பவனையே எதிர்பார்த்திருக்கின்றோம்.