ஒட்டுவில்லைக்குத் தமிழ் பேசலாமா?

சிங்கப்பூர்ப் பாலர் பள்ளிகளில் நட்சத்திர அட்டவணை இல்லாத வகுப்பறையைத் தேடித்தான் பார்க்கவேண்டும். வரிசையில் நின்றால் ஒரு நட்சத்திரம், காலணியை அடுக்கிவைத்தால் ஒன்று, கை கழுவினால் ஒன்று. இதோடு எனக்குப் பெரிய சண்டை இல்லை. தமிழ் வகுப்பு அட்டவணைகள் சிலவற்றில் ‘தமிழில் பேசினேன்’ என்று ஒரு கட்டமும் இருக்கிறதே, அங்கேதான் இடிக்கிறது.

நேர்மறை வலுவூட்டல் என்றாலே பரிசு கொடுப்பது என்று விடைத்தாளில் எழுதுகிறவர்கள் அதிகம். ஸ்கின்னர் சொன்னது வேறு. ஒரு நடத்தைக்குப் பின்னால் வருகிற ஒன்று, அந்த நடத்தையை மேலும் கூட்டினால்தான் அது வலுவூட்டி. ஒட்டுவில்லை கொடுத்தும் பிள்ளை மாறவில்லையென்றால் அங்கே வலுவூட்டலே நடக்கவில்லை. ஆசிரியரின் அதட்டலும் சிலசமயம் வலுவூட்டியாகிவிடும். 1968இல் மேட்சன், பெக்கர் குழுவினர் முதலாம் வகுப்பு ஒன்றில் இதைக் கண்டார்கள். ஆசிரியர்கள் ‘உட்காரு, உட்காரு’ என்று அடிக்கடி சொல்லச் சொல்ல, எழுந்து நிற்கும் பிள்ளைகள் கூடினார்கள். உட்கார்ந்திருந்தவர்களைப் பாராட்டியபோது நிற்பது குறைந்தது. (தேர்வு எழுதுபவர்களுக்கு: எதிர்மறை வலுவூட்டலும் நடத்தையைக் கூட்டுவதுதான். அதைத் தண்டனை என்று எழுதிவிடாதீர்கள்.)

சரி, தமிழுக்கு வருவோம். அதற்கு முன் 1973இல் வெளிவந்த ஓர் ஆய்வைப் பார்க்கவேண்டும். லெப்பர், கிரீன், நிஸ்பெட் மூவரும் ஸ்டான்ஃபர்ட் பல்கலைக்கழகத்தின் பிங் பாலர் பள்ளியில் அதைச் செய்தார்கள். வண்ணப் பேனாவால் வரைவதை ஏற்கனவே விரும்பிய பிள்ளைகளை மட்டும் தேர்ந்தெடுத்தார்கள். ஒரு குழுவிடம், ‘வரைந்தால் சான்றிதழ் கிடைக்கும்’ என்று முதலிலேயே சொன்னார்கள். பொன்னிற நட்சத்திரமும் ரிப்பனும் வைத்த சான்றிதழ் அது. இன்னொரு குழுவுக்கு எதுவும் சொல்லாமல், வரைந்து முடித்தபின் கொடுத்தார்கள். மூன்றாவது குழுவுக்கு ஒன்றுமில்லை. ஓரிரு வாரம் கழித்து அதே பேனாக்களை வகுப்பில் சும்மா வைத்துக் கவனித்தார்கள். பரிசை எதிர்பார்த்து வரைந்த பிள்ளைகள் இப்போது வரைவதில் செலவிட்ட நேரம், மற்ற இரு குழுக்களின் நேரத்தில் ஏறத்தாழப் பாதிதான். பரிசுக்காக அவர்கள் வரைந்த படங்களின் தரமும் குறைவாகவே மதிப்பிடப்பட்டது.

நம் பிள்ளைகளில் பலர் வீட்டில் ஆங்கிலம் பேசுகிறவர்கள். 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், வீட்டில் அதிகம் பேசும் மொழி ஆங்கிலம் என்று சொன்ன இந்தியர்கள் சுமார் 59 விழுக்காடு. இந்த நிலையில் ஐந்து வயதுப் பிள்ளை அட்டவணையை எப்படிப் படிக்கும்? ஆங்கிலம் பேசினால் யாரும் நட்சத்திரம் ஒட்டுவதில்லை. விளையாடினாலும் இல்லை. கை கழுவினால் உண்டு, குப்பையைப் பொறுக்கினால் உண்டு, தமிழ் பேசினால் உண்டு. அப்படியென்றால் தமிழ் எந்தப் பக்கம்? பிள்ளை கணக்குப் போட்டுவிடும். ‘டீச்சர், தமிழ்ல சொன்னா எத்தன ஸ்டார்?’ என்று கேட்கிற பிள்ளையை நாம் கெட்டிக்காரப் பிள்ளை என்று சிரிக்கிறோம். அது பேரம் பேசுகிறது. அடுத்த ஆண்டு தொடக்கப்பள்ளியில் விலை கொடுக்க ஆளில்லாவிட்டால் அந்தப் பேச்சு என்னாகும்?

‘வாயே திறக்காத பிள்ளைக்கு என்ன செய்வது?’ என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. ஆர்வமே இல்லாத இடத்தில் பரிசு கெடுப்பதற்கு ஒன்றும் இல்லை, முதல் சில வார்த்தைகளுக்கு அது உதவலாம். பரிசு ஆர்வத்தைக் குறைக்கிறது என்பதையே கேமரன், பியர்ஸ் போன்றவர்கள் மறுத்து வாதாடியிருக்கிறார்கள். ஆனால் 1999இல் டெசி, கோஸ்ட்னர், ரயன் 128 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, எதிர்பார்க்கவைத்துக் கொடுக்கும் பொருள் பரிசுகள் உள்ளார்வத்தைக் குறைப்பதாகவும், அந்தக் குறைவு கல்லூரி மாணவர்களைவிடச் சிறு பிள்ளைகளிடம் அதிகம் என்றும் கண்டார்கள். நம் வகுப்பில் இருப்பதோ சிறு பிள்ளைகள்.

இதில் வேடிக்கை என்னவென்றால், மொழிக்கு எது வலுவூட்டி என்பதை ஸ்கின்னரே 1957இல் எழுதிய நூலில் விளக்கிவிட்டார். ‘தண்ணி’ என்று கேட்ட பிள்ளைக்குத் தண்ணீர்தான் வலுவூட்டி. விளையாட்டுக் கடையில் ‘ரெண்டு தோச குடுங்க’ என்று கேட்டால் பிளாஸ்டிக் தோசை தட்டுக்கு வரவேண்டும், நட்சத்திரம் வரக்கூடாது. பாட்டி வீட்டுப் பூனையைப் பற்றி ஒரு பிள்ளை அரைகுறைத் தமிழில் சொல்லத் தொடங்கினால், ‘குட் ஜாப்!’ என்று ஒட்டிவிட்டு அடுத்த பிள்ளையிடம் போகாதீர்கள். ‘அய்யய்யோ, பால முழுசா குடிச்சிருச்சா? அப்புறம் பாட்டி என்ன பண்ணாங்க?’ என்று கேளுங்கள். பிள்ளைக்கு இன்னும் நாலு வாக்கியம் வரும். இதற்கு நேரம் பிடிக்கும், இருபது பிள்ளைகள் இருக்கும் வகுப்பில் எல்லாரிடமும் தினமும் முடியாது. ஒரு நாளைக்கு நாலு பேரிடம் முடியும்.

சுவரிலிருந்து அட்டவணையையே எடுக்க மனமில்லை என்றால், அந்த ஒரு கட்டத்தை மட்டும் வெட்டிவிடுங்கள். காலணிக் கட்டம் இருக்கட்டும், பழக்கம் படியும்வரை. இரண்டாம் தவணையில் அதையும் மெல்ல எடுத்துவிடலாம்.