மின் போறணையும் நிலைகொள்ளாத சூடும்

யுத்த காலத்தில் வன்னியின் பெரும்பகுதி மின்சாரமின்றி மண்ணெண்ணெய் விளக்கில் வாழ்ந்தது. 2009க்குப் பின் கம்பிகள் கிராமங்களை எட்டியபோது வீடுகளுக்குள் வந்த சாதனங்களுள் மேசைமேல் வைக்கும் மின் போறணையும் ஒன்று. கிளிநொச்சியில் எங்கள் வீட்டில் இருப்பது 1500 வாற்று வலுவும், மேலும் கீழும் வெப்பக் கம்பிகளும், திருகு குமிழும் கொண்ட சாதாரண வகை. பட்டர் கேக்கின் மேற்புறம் கருகி நடுப்பகுதி மாவாகவே நிற்கிறது என்று இவ்வகைப் போறணை வைத்திருப்போர் பலரும் சொல்லும் முறைப்பாட்டின் காரணத்தை அறிய விரும்பி, இதனை நிதானமாகப் பரிசோதித்தேன்.

கேக் தட்டு நிற்கும் உயரத்தில் போறணை வெப்பமானியை நடுவே வைத்து, குமிழை 180 பாகையில் நிறுத்திக் கண்ணாடிக் கதவினூடே நோக்கினால், சிவப்பு விளக்கு அணைந்த பின்னரும் கம்பிகளில் தங்கிய சூட்டினால் முள் 200ஐத் தொடுவதையும், பின்னர் 165 வரை இறங்கிய பிறகே விளக்கு மறுபடி எரிவதையும் காணலாம். இது பழுதன்று. உள்ளிருக்கும் தெர்மோஸ்டாட் மின்சாரத்தை முழுதாக விடும், அல்லது முழுதாக நிறுத்தும். இடைநிலை அதற்கு இல்லை. பேக்கரியின் விறகுப் போறணையில் தடித்த செங்கற் சுவர் சூட்டைப் பிடித்து வைத்திருக்கிறது. மெல்லிய தகரப் பெட்டிக்கோ அந்தச் சேமிப்பு இல்லை. ஆகவே உச்சத்தையும் தாழ்வையும் சில சுற்றுக்கள் குறித்துச் சராசரி காணவேண்டும். சராசரியே 20 பாகை விலகி நின்றால் குமிழை அதற்கேற்பத் திருப்பிச் சமாளிக்கலாம். விளக்கு அணையாமலே சூடு ஏறிக்கொண்டு போனால், உடனே பிளக்கைக் கழற்றி மின்திருத்துநரிடம் கொடுத்துவிட வேண்டும்.

எனினும் எங்கள் பிரதேசத்தில் விசேஷமாகக் கவனிக்க வேண்டியது மின்னழுத்தம். இலங்கையில் வீட்டு மின்சாரத்தின் நியம அளவு 230 வோல்ற்று. அதிலிருந்து 6 சதவீதம் கூடவோ குறையவோ இடமுண்டு. மின்மாற்றியிலிருந்து தொலைவிலுள்ள வீடுகளில், எல்லாரும் விளக்கும் விசிறியும் போடும் மாலை 6.30க்கும் இரவு 10.30க்கும் இடையில் அது மேலும் தாழ்வதுண்டு. வெப்பக் கம்பியின் வலு அழுத்தத்தின் வர்க்கத்தோடு மாறுவதால், 200 வோல்ற்றில் 1500 வாற்றுப் போறணை ஏறக்குறைய 1130 வாற்றே தரும். காற்பங்கு சூடு போய்விடுகிறது. ஒருமுறை கதவைத் திறந்து மூடினால், இழந்த சூட்டை மீளப் பெறுவதற்குள் கேக் அமுங்கிவிடும். மெல்லிய நீட்டு வயரில் போறணையைப் பொருத்துவது இந்த நஷ்டத்தை இன்னும் பெருக்குவதோடு தீ அபாயத்தையும் கொண்டது. தொலைக்காட்சிக்கு வாங்கிய சிறிய ஸ்டெபிலைசர் இந்தச் சுமையைத் தாங்காது.

நன்கு உலர்ந்த மெல்லிய செங்கல் இரண்டைக் கீழ்க் கம்பியில் முட்டாதபடி அடித்தட்டில் பரப்பி, விளக்கு முதன்முறை அணைந்ததும் அவசரப்படாமல் மேலும் அரைமணி நேரம் சூடேற்றிய பின் கேக்கை வைத்தபோது, முன்பு 35 பாகையாக இருந்த ஊசலாட்டம் 20க்குள் அடங்கியது. மேற்புறம் பொன்னிறமாகி, நடுவில் குத்திய ஈர்க்கும் சுத்தமாக வந்தது. மின்செலவு சற்றுக் கூடியது உண்மைதான்.

குடும்பத் தேவைக்கு இந்தப் போறணை தாராளமாகப் போதும். ஓடர் எடுத்துக் கேக் செய்து விற்பவர்கள் இதை மாத்திரம் நம்பி இறங்குவதை நான் சிபாரிசு செய்யமாட்டேன். தெர்மோஸ்டாட் மாற்றக் காசு கொடுக்குமுன், பகலில் ஒருதடவையும் இரவு எட்டு மணிக்கு ஒருதடவையும் மின்திருத்துநரைக் கொண்டு உங்கள் வீட்டு வோல்ற்றை அளந்து பாருங்கள்.