ஏறுமுன் படித்த பாதரசம்

பங்கு வாங்கி விற்கும் ஓர் உத்தியைப் பழைய விலைகளை வைத்துச் சோதித்துப் பார்க்க உதவும் பைதான் நிரல் தொகுப்பு ஸிப்லைன். இதை உருவாக்கிய பாஸ்டன் நகரத்துக் குவாண்டோப்பியன் நிறுவனம் 2020-இல் மூடப்பட்டது. தொகுப்போ இன்றும் இலவசமாகக் கிடைக்கிறது. கைப்பணம், கையிலுள்ள பங்குகள், மொத்த மதிப்பு ஆகியவற்றை அது தானே கணக்கிட்டுத் தருவது பாராட்டத்தக்கதே.

ஆயினும் வாசகர்களே, ‘இந்தப் பங்கின் இருப்பை 10 ஆக்கு’ என்று அடுத்தடுத்து இருமுறை ஆணையிட்டுப் பாருங்கள். 20 பங்குகள் சேர்ந்துவிடும்! காரணம் என்ன? அடுத்த விலைப் பதிவு வந்த பிறகே முதல் ஆணை நிறைவேறுகிறது. அதுவரை இருப்புக் கணக்கில் சுழியம்தான். பாதரசம் ஏறுமுன் வெப்பமானியைப் படித்துவிட்டு அடுப்பைத் தூண்டும் மாணவரை ஆய்வுக்கூடத்தில் ஆண்டுதோறும் காண்கிறேன்; இதுவும் அதே பிழைதான்.

சோதனையில் இதனால் பணம் போகாது. உண்மைச் சந்தையில்? 2012 ஆகஸ்ட் 1 அன்று அமெரிக்காவின் நைட் கேப்பிட்டல் நிறுவனத்தில் வேறொரு நிரல் இயங்கியது. வாங்கி முடிந்த பங்குகளை எண்ணும் பகுதி அதன் பழைய துண்டொன்றுடன் இணைப்பற்றுக் கிடந்தது. வாடிக்கையாளரின் 212 ஆணைகளுக்காக 45 நிமிடங்களில் 40 லட்சம் பரிமாற்றங்கள் நடந்தன. இழப்பு 46 கோடி டாலருக்கும் மேல்.

ஸிப்லைனின் கையேடு தன் குறையை மறைக்கவில்லை என்பது உண்மை. நிலுவை ஆணைகளைக் கேட்டறியத் தனிக் கட்டளையும் உண்டு. ஆனால் கையேட்டை முழுதும் படித்துவிட்டா நிரல் எழுதத் தொடங்குகிறோம்? நிலுவையை இருப்பின் பக்கத்திலேயே காட்டியிருக்க வேண்டும்.