பேசுகிறவளும் பேசாதவளும்

போன கோடை விடுமுறையில் மூன்று படங்கள் பார்த்தேன். இரண்டு பழையவை, ஒன்று புதியது. ‘அவள் ஒரு தொடர்கதை’, ‘சில நேரங்களில் சில மனிதர்கள்’, ‘கொட்டுக்காளி’. திட்டம் போட்டுத் தேர்ந்தெடுத்தவை அல்ல. அம்மாவுக்காக முதல் படம், வகுப்பில் பேசவேண்டியிருந்ததால் இரண்டாவது, முன்பு பாதியில் நிறுத்தியிருந்ததால் மூன்றாவது.

எனக்கு நெடுநாளாக ஓர் அளவுகோல் இருந்தது. கதாநாயகி எவ்வளவு பேசுகிறாள்? எதிர்த்துக் கேட்கிறாளா? கேட்டால் நல்ல படம். பல வருடங்களாக மாணவிகளுக்கும் இதையே சொல்லிக்கொண்டிருந்தேன். இந்த மூன்று படங்களுக்குப் பிறகு அந்த அளவுகோலை அப்படியே வைத்துக்கொள்ள முடியவில்லை.

1974இல் வந்த ‘அவள் ஒரு தொடர்கதை’யின் கவிதா என் அளவுகோலுக்கு ஏற்ற பெண். பாலசந்தர் அவளுக்குக் கொடுத்திருக்கும் வசனங்களில் பாதிக்கு மேல் கத்திதான். குடித்துவிட்டுத் திரியும் அண்ணன், அவன் மனைவி மக்கள், கணவனை இழந்த தங்கை, பார்வையற்ற தம்பி என்று எல்லோருக்கும் அவள் சம்பளம்தான் சோறு. அந்தக் கோபத்தை அவள் ஒளிப்பதில்லை. தமிழில் தன் முதல் படத்திலேயே சுஜாதா அதைக் கண்ணிலும் குரலிலும் வைத்திருந்தார். அம்மா தன் கல்யாணத்துக்கு முன்பு பார்த்த படம். ஒவ்வொரு வசனத்துக்கும் “நல்லாக் கேட்டா” என்று சொல்லிக்கொண்டே பார்த்தார்.

ஆனால் இந்த முறை வேறொன்றைக் கவனித்தேன். கவிதா இவ்வளவு பேசியும் வீட்டில் யாரும் எதையும் மாற்றிக்கொள்ள வேண்டியதில்லை. அவள் திட்டுகிறாள், அவர்கள் சாப்பிடுகிறார்கள். காதலித்தவன் தங்கையை விரும்பியதும் விட்டுக்கொடுக்கிறாள். ஒருவழியாக அண்ணன் திருந்தி, அவளுக்கும் ஒரு கல்யாணம் கூடிவரும் நாளில் அவன் கொலையாகிறான். மணப்பெண்ணின் இடத்தில் இன்னொரு தங்கை உட்காருகிறாள். கவிதா மறுபடி வேலைக்குப் போகிறாள். அவள் பேச்சு நமக்குக் கைதட்டக் கிடைத்தது, அவள் சம்பளம் வீட்டுக்குக் கிடைத்தது. கூர்மையான நாக்கு உள்ள பெண்ணை ஒரு குடும்பம் தாராளமாகப் பொறுத்துக்கொள்ளும், மாதம் முதல் தேதி தவறாமல் வந்தால். படம் முடிந்ததும் அம்மா ஒன்றும் சொல்லாமல் எழுந்து போய்ப் பாலை அடுப்பில் வைத்தார்.

‘சில நேரங்களில் சில மனிதர்கள்’ 1977இல் வந்தது. பீம்சிங் இயக்கம். கங்காவாக நடித்த லட்சுமிக்குத் தேசிய விருது கிடைத்தது. இதன் வேர், ஜெயகாந்தன் 1966இல் ஆனந்த விகடனில் எழுதிய ‘அக்கினிப் பிரவேசம்’. மழை நாளில் ஒரு கல்லூரி மாணவி முன்பின் தெரியாதவனின் காரில் ஏறுகிறாள். நடந்ததை வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொல்கிறாள். சிறுகதையில் அம்மா அவள் தலையில் தண்ணீரைக் கொட்டி, நீ சுத்தமாகிவிட்டாய், இதை யாரிடமும் சொல்லாதே என்கிறாள். பிறகு வந்த நாவலிலும் படத்திலும் அதே அம்மா ஊரைக் கூட்டி அழுகிறாள், அண்ணன் வீட்டைவிட்டுத் துரத்துகிறான்.

இரண்டு முடிவுகளில் எது முற்போக்கானது என்று கல்லூரி நாட்களில் நாங்கள் நிறையச் சண்டை போட்டிருக்கிறோம். இப்போது எனக்கு உறைப்பது இதுதான். இரண்டிலும் அந்தப் பெண் வாய் திறந்து உண்மையைச் சொல்லிவிட்டாள். அதற்கு மேல் அந்தச் சொல் அவளுடையதாக இல்லை. மூடி வைப்பதா, தெருவுக்குக் கொண்டுபோவதா என்று முடிவு செய்வது மற்றவர்கள். வருடங்கள் கழித்து நல்ல உத்தியோகத்தில் இருக்கும் கங்காவை, வேங்கு மாமா அந்தப் பழைய பேச்சை வைத்துக்கொண்டே குத்துகிறார். அறிவுரை சொல்லும் அதே மனிதர் அவளிடம் தப்பாக நடக்கவும் பார்க்கிறார். ‘ஏன் அப்பவே சொல்லல?’ என்று பெண்களைப் பார்த்து இன்றும் கேட்கிறார்கள். கங்கா அப்பவே சொன்னவள். சொன்னதற்குத்தான் தண்டனை.

மூன்றாவது படம் ‘கொட்டுக்காளி’. பி.எஸ். வினோத்ராஜின் இரண்டாவது படம், 2024இல் வந்தது. வேறு சாதிப் பையனை விரும்புகிற மீனாவுக்குப் பேய் பிடித்திருக்கிறது என்று சாமியாடி ஒருவரிடம் கூட்டிப்போகிறார்கள். ஷேர் ஆட்டோவில் பெண்களோடு மீனா, சுற்றிலும் பைக்குகளில் ஆண்கள், கூடவே பலிக்கு ஒரு சேவல். பின்னணி இசை கிடையாது. வண்டிச் சத்தம், காற்று, ஆட்களின் பேச்சு மட்டும். மீனாவாக வரும் அன்னா பென் படம் முழுக்க ஓரிரு சொல்லுக்கு மேல் பேசுவதில்லை.

வகுப்பில் இதைப் போட்டபோது ஒரு மாணவி கேட்டாள்: “ஏன் மேம் அவ ஒண்ணுமே சொல்ல மாட்டேங்கிறா? கோவமா வருது.” முன்பு பாதியில் நிறுத்தியபோது எனக்கும் அதே கோபம்தான்.

முழுதாகப் பார்த்தபோது தெரிந்தது, இது அடங்கிப்போன மௌனம் இல்லை. அவள் பேசாததுதான் அவர்களைப் படுத்துகிறது. கட்டிக்கொள்ளப்போகும் பாண்டிக்கு (சூரி) தொண்டை கட்டிப்போய்ச் சுண்ணாம்பு தடவியிருக்கிறது. கத்திக் கத்தியே குரல் போனவன் அவன். வழியில் எங்கோ ஒலிக்கும் சினிமாப் பாட்டுக்கு மீனா லேசாக முணுமுணுக்கிறாள், அவ்வளவுதான். அவன் அவளை அடிக்கிறான், தடுக்க வந்த பெண்களையும் அடிக்கிறான். ஒரு முணுமுணுப்புக்கு இத்தனை அடி என்றால் ஒரு முழு வாக்கியத்துக்கு என்ன கிடைக்கும்? ஆண்கள் எல்லோரும் செய்வதறியாமல் நிற்க, சாலையை மறித்து நிற்கும் காளையை ஒரு சின்னப் பெண் வந்து ஓட்டிக்கொண்டு போகிற காட்சியில் தியேட்டரில் சிரித்திருப்பார்கள். எனக்குச் சிரிப்பு வந்து, பாதியில் நின்றுபோனது. இந்தச் சிறுமிக்கு இன்னும் எத்தனை வருடம் இருக்கிறது?

குறையும் சொல்ல வேண்டும். மீனாவுக்கு என்ன பிடிக்கும், அந்தப் பையனிடம் என்ன பேசினாள் என்று படம் காட்டுவதே இல்லை. அவள் மௌனத்தை இயக்குநர் மதிக்கிறார், ஆனால் அந்த மௌனம் அவருக்கு வசதியாகவும் இருக்கிறது. முடிவில், சாமியாடி இன்னொரு பெண்ணிடம் நடந்துகொள்வதைப் பார்த்துப் பாண்டி தயங்குகிறான். மாற வேண்டியவன் அவன்தான், சரி. அதனாலேயே கடைசி நிமிடங்கள் அவள் கதையாக இல்லாமல் அவன் கதையாகிவிடுகின்றன.

இந்தப் படத்தை முதல்முறை பாதியில் நிறுத்தியதற்கு வேறொரு காரணமும் உண்டு. அந்தப் பயணத்தில் ஒரு சிறுவன் வருகிறான். எனக்கு ஒன்பது வயதிருக்கும்போது நானும் அப்படி ஒரு வண்டியில் போயிருக்கிறேன். முழுப்பரீட்சை லீவில் பாட்டி வீட்டில் இருந்தேன். சித்தி யாரையோ விரும்பினார் என்பது எனக்குப் பின்னால்தான் தெரியும். அன்று தெரிந்ததெல்லாம், சித்திக்கு உடம்பு சரியில்லை, ஒரு கோயிலுக்குப் போகிறோம், எனக்கு ஜன்னல் ஓரம். இரண்டு பெரியம்மாக்களுக்கு நடுவில் சித்தி உட்கார்ந்திருந்தார். வழியில் எனக்கு முறுக்கு வாங்கிக் கொடுத்தார்கள். கோயிலில் நடந்ததில் வேப்பிலைச் சத்தம் மட்டும் நினைவிருக்கிறது. அதே வருடம் சித்திக்குக் கல்யாணம். “ஒரு வார்த்தை பேசலியே, அதுதான் பேய்க்கு அடையாளம்” என்று பாட்டி பல வருடம் சொல்லிக்கொண்டிருந்தார். எங்கள் வீட்டில் அது சிரித்துப் பேசும் கதையாகவே ஆகிவிட்டது. நானும் சொல்லிச் சிரித்திருக்கிறேன்.

படம் முடிந்த இரவு சித்திக்குப் போன் செய்தேன். மகன் வீட்டில் இருக்கிறார், பேத்தியைத் தூங்க வைத்துக்கொண்டிருந்தார். படக்கதையைச் சொல்லிவிட்டு, “அன்னைக்கு நீங்க ஏன் சித்தி பேசவே இல்ல?” என்று கேட்டேன்.

“பேசினேனே. முதல் பத்து நாளும் பேசிக்கிட்டேதான் இருந்தேன். உங்க தாத்தாகிட்ட, அக்காகிட்ட, உங்க அம்மாகிட்டகூட. அப்புறம்தான் நிறுத்தினேன்.”

அம்மாவிடமும் என்று எனக்குத் தெரியாது. கவிதாவுக்கு “நல்லாக் கேட்டா” என்று சொன்ன அதே அம்மா. பக்கத்து அறையில் தூங்கிக்கொண்டிருந்தார்.

மாணவிகள் எழுத வேண்டிய கட்டுரையின் கேள்வியை இந்தப் பருவம் மாற்றியிருக்கிறேன். ‘கதாநாயகி எங்கே பேசுகிறாள்?’ என்று கேட்பதில்லை. ‘அவள் பேசும்போது அந்தக் காட்சியில் யார் யார் இருக்கிறார்கள், ஒவ்வொருவரும் என்ன செய்கிறார்கள்?’ என்று எழுதச் சொல்கிறேன். அம்மாவிடம் நான் இன்னும் எதுவும் கேட்கவில்லை. சித்தி அடுத்த மாதம் இங்கே வருகிறார். மூவரும் சேர்ந்து ‘கொட்டுக்காளி’ பார்ப்பதாகப் பேச்சு.