பழைய அச்சில் பழைய நக்கல்

காளமேகப் புலவரைப் பழைய அச்சில் படிக்காதவர்களை நினைத்தால் எனக்குப் பாவமாக இருக்கிறது. அப்படியொரு சுகம் அது! இராமநாதபுரம் பொன்னுசாமித் தேவர் ஆதரவில் தில்லையம்பூர் சந்திரசேகர கவிராச பண்டிதர் தொகுத்த, காளமேகத்தின் பாட்டுகளும் அடங்கிய 'தனிப்பாடற்றிரட்டு' 19-ம் நூற்றாண்டில் அச்சேறியது. அந்தக் காலத்துப் பதிப்புகளை எங்கள் ஊரான கம்பத்தில் உட்கார்ந்தபடி மின்நூலகத்தில் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்க்கிறேன். 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய, சுழித்து நிற்கும் 'லை', 'ணை'. பூச்சி அரித்த ஓட்டைகூட அழகுதான் போங்கள்!

நாகப்பட்டினம் காத்தான் சத்திரத்தில் சோறு தாமதமானதைக் காளமேகம் வாரிய பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். அஸ்தமனத்தில்தான் அரிசி வருகிறது. குத்தி உலையில் போடுவதற்குள் ஊர் அடங்கிவிடுகிறது. இலையில் ஓர் அகப்பை விழும்போது வெள்ளி முளைக்கிறது. புதுப்பதிப்புக்காரர்கள் சந்தி பிரித்து, கீழே பொழிப்புரையும் போட்டு, சிரிப்பை முன்கூட்டியே அவிழ்த்துவிடுகிறார்கள். பழசில் ஒருதரம் வாய்விட்டுப் படிக்க வேண்டும், எங்கே நிறுத்துவது என்று பார்த்து இன்னொருதரம் படிக்க வேண்டும். அப்புறம்தான் 'அடப்பாவி!' என்று வரும். சிலேடைக்குக் கேட்கவே வேண்டாம். பிரிக்காத வரியில்தான் இரண்டு பொருளும் உயிரோடு இருக்கும். எங்கள் பன்னீர் திராட்சையைக் கொட்டையோடு மெல்லுகிற மாதிரி, கொஞ்சம் வேலை வைக்கும்.

1501-ல் வெனிஸில் ஆல்டஸ் மனுத்தியுஸ், ரோமாபுரிக் கேலிக் கவிஞர்களான ஜுவெனலையும் பெர்சியஸையும் சாய்வெழுத்தில், கைக்கடக்கமாக அச்சிட்டார். அதையும் திரையில் பார்த்துச் சொக்கிப்போனேன். ஆனாலும் நம்ம பக்கத்து ஆளை விட்டுக்கொடுக்க மனசு வருமா?

அவர் சுப்ரதீபக் கவிராயர். தேனியிலிருந்து வத்தலக்குண்டு தாண்டினால் நிலக்கோட்டை. அந்தப் பாளையத்துக் கூளப்ப நாயக்கர்மேல் அவர் பாடியது விறலிவிடு தூது. தாசி வீட்டில் மயங்கிக் கைப்பொருளைத் தொலைத்தவன் கதை. தாய்க்கிழவியின் சாமர்த்தியம் இருக்கிறதே, கண்ணிக்குக் கண்ணி அட்டகாசம்! பச்சையான இடங்களும் உண்டு, பிள்ளைகள் பள்ளிக்கூடம் போன நேரமாகப் பார்த்துப் படிப்பது உத்தமம். வீரமாமுனிவருக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்தவர் இவர்தான் என்பார்கள். அந்த இத்தாலியர் எழுதிய 'பரமார்த்த குருவின் கதை' 1822-ல் லண்டனிலேயே, பாபிங்டனின் ஆங்கில மொழிபெயர்ப்போடு, தமிழெழுத்தில் அச்சானது. அது வசனம், கவிராயருடையது செய்யுள். இருந்தாலும் வாத்தியாரின் நக்கல்தான் மாணவரிடம் ஒட்டிக்கொண்டது என்று நான் சத்தியம் செய்வேன். ஆராய்ச்சியாளர்கள் ஆதாரம் கேட்டால் கேட்கட்டும்!