கதிரை எந்தப் பக்கம் பார்க்கிறது?

நல்லூரில் எங்கள் வீட்டு மாமரத்தடியில் ஓர் இரும்பு வாங்கு கிடக்கிறது. தமிழ்நாட்டில் பெஞ்சு என்பதை யாழ்ப்பாணத்தில் வாங்கு என்போம். போர்த்துக்கேயர் விட்டுப்போன சொல். நாற்காலிக்கு நாங்கள் சொல்லும் கதிரையும் அவர்கள் தந்ததுதான். அப்பப்பா நுவரெலியாவில் அரசாங்கக் கிளாக்கராக இருந்தபோது, தாய்நாட்டுக்குத் திரும்பும் துரை ஒருவரின் பங்களாச் சாமான்கள் ஏலம் போயின. மற்றவர்கள் பீங்கானுக்கும் கண்ணாடிக்கும் போட்டி போட, இவர் தோட்டத்தில் கிடந்த வாங்கைக் கேட்டாராம். ரயிலில் யாழ்ப்பாணம் வந்து, ஸ்டேசனிலிருந்து மாட்டுவண்டிலில் வீடு சேர்ந்தது. அன்று தொட்டு அது பார்ப்பது கிணற்றடியையும் மல்லிகைப் பந்தலையும்தான். படலையைத் திறந்து வருகிறவர்களுக்கு அதன் முதுகுதான் தெரியும்.

கோயம்புத்தூரில் நான் குடியேறி இருபது வருடமாகிறது. எங்கள் தெருவில் தோட்டம் உள்ள வீடுகள் இன்னும் சில மிஞ்சியிருக்கின்றன. அவற்றில் இரும்புச் சாமான் இல்லாத வீடு குறைவு. பெரும்பாலும் ஒரே அமைப்பு: புல்தரைக்கு நடுவே வட்ட மேசை, அதைச் சுற்றி வெள்ளை அடித்த நான்கு நாற்காலிகள், ஒன்றை ஒன்று பார்த்தபடி. கேட்டுக்கு வெளியே நின்றாலே தெரியும். சுருள் சுருளாக வளைத்த கைப்பிடி, முதுகில் திராட்சைக்கொடி, விரல் வைத்துத் தடவினாலும் ஒட்டு தட்டுப்படாத வேலை. நல்லூரில் அந்த நேர்த்தியில் செய்துதர ஆள் தேட வேண்டும்.

இரண்டு ஊர்த் தோட்டங்களிலும் உட்கார்ந்து பார்த்தபின் எனக்கு ஏற்பட்ட எண்ணம் இது: இரும்பை வளைப்பதில் இந்தியாவின் கை மேலே. வளைத்ததை எங்கே வைப்பது என்பதில் இலங்கையின் கண் மேலே.

முதலில் இரும்பைப் பற்றி. பாடப்புத்தகத்தில் தேனிரும்பு என்று படித்தோமே, அந்தப் பொருளில் இன்று யாரும் நாற்காலி செய்வதில்லை. தேனிரும்பில் கரி மிகக் குறைவு. கசடு நூல் நூலாக உள்ளே ஓடியிருக்கும். அதனால் காய்ச்சி அடிக்க அடிக்க வளைந்துகொடுக்கும். நூற்றுக்கு இரண்டு பங்குக்குமேல் கரி சேர்ந்த வார்ப்பிரும்போ வளையாது, ஓங்கி அடித்தால் உடையும். அச்சில் ஊற்றித்தான் அதற்கு உருவம் கொடுக்க முடியும். மலிவான எஃகு வந்ததும் தேனிரும்பு மெல்ல மறைந்தது. இங்கிலாந்தில் போல்டன் நகரத்தில் இருந்த கடைசி ஆலையும் 1973இல் நின்றுபோனது. இப்போது ராட் அயன் என்று கடையில் சொல்லி விற்பதெல்லாம் பட்டறைக்காரர்கள் எம்.எஸ். என்று அழைக்கும் சாதாரண எஃகுதான். இதில் ஏமாற்று எதுவும் இல்லை. பொருள் போன பின்னும் பெயர் தங்கிவிட்டது. எங்கள் வாங்கு பழைய ரகம். பட்டையான கம்பிகளை வளைத்து ஆணி அறைந்து பொருத்தியிருக்கிறார்கள், ஒரு வெல்டிங் கிடையாது. துரு உரிந்த இடத்தில் பார்த்தால் மரத்தின் வைரம்போல இழை இழையாகத் தெரியும். தேனிரும்பை அடையாளம் காண இதைவிட எளிய வழி இல்லை.

தோட்டத்தில் இரும்பைப் போடும் வழக்கம் இரு நாட்டுக்கும் வந்தது ஒரே வெள்ளைக்காரன் கையிலிருந்து. ஊட்டியில் ஜான் சல்லிவன் கல்வீடு கட்டத் தொடங்கியது 1822இல். அங்கே தாவரவியல் பூங்கா 1848இல் எழுந்தது. அதே 1848இல்தான் சாமுவேல் பேக்கர் நுவரெலியாவில் பண்ணை போட்டார்; அதற்குப் பக்கத்து ஹக்கலவில் சிங்கோனா நடத் தோட்டம் அமைந்தது 1861இல். கடல் மட்டத்திலிருந்து ஊட்டி சுமார் 2,240 மீட்டர், நுவரெலியா 1,868. இரண்டிலும் ஒரே குளிர், ஒரே பனி, ஒரே துரைமார். இங்கிலாந்தில் கோல்புரூக்டேல் வார்ப்பாலை பன்னம் இலை அச்சில் பெஞ்சுகள் ஊற்றி விற்ற காலம் அது. வெள்ளைக்காரன் புல்தரை போட்டான், ரோஜா நட்டான், இரும்பில் உட்கார்ந்து தேநீர் குடித்தான். நாம் பார்த்துக்கொண்டு நின்றோம். அவன் போன பின் இரு கரையிலும் அந்த இரும்புக்கு நேர்ந்தது வேறு வேறு.

இந்தியாவில் அது தொழிலாகப் பெருகியது. ஜோத்பூரில் இன்று இரும்பும் மாமரமும் சீசமும் சேர்த்து நாற்காலி மேசை செய்து உலகமெங்கும் அனுப்புகிறார்கள். மரச்செதுக்குக்குப் பெயர்போன சஹாரன்பூரிலும் இரும்பு வேலை நடக்கிறது. கோயம்புத்தூரோ வார்ப்பாலைகளும் மோட்டார் பம்புகளுமாக வளர்ந்த ஊர். இரும்பு தெரிந்த கை தெருவுக்குத் தெரு இருக்கிறது. இரும்புக் கடைக்குப் போய்ச் சதுரக் கம்பி, பட்டை, பைப்பு எது கேட்டாலும் அன்றே கிடைக்கும். உருக்கு உற்பத்தியில் உலகத்தில் இரண்டாம் இடத்தில் இருக்கும் நாட்டுக்கு அது பெரிய காரியமில்லை. இலங்கைக்குப் பெரிய காரியம். ஒருவல என்ற ஊரில் உருக்காலை இருந்தாலும் மூலப்பொருள் பெரும்பாலும் கப்பலில்தான் வர வேண்டும். 2022 பொருளாதார நெருக்கடியில் ரூபா சரிந்தபோது கம்பி விலை ஏறியது; கேற் போட முற்பணம் கொடுத்தவர்கள்கூடப் பணத்தைத் திருப்பி வாங்கினார்கள்.

இந்தியா இரும்பால் தோட்டத்துக்குச் செய்தவற்றில் எனக்கு மிகப் பிடித்தது நாற்காலி அல்ல, ஊஞ்சல். துரை கொண்டுவந்த சாமானைத் தமிழ்நாட்டார் தங்கள் வழக்கத்துக்குள் இழுத்துக்கொண்டது இதில்தான். கூடத்து உத்தரத்தில் தொங்கிய பலகை ஊஞ்சல், கூடம் சுருங்கியதும் வெளியே வந்தது. தொங்க உத்தரம் இல்லாததால் தனக்கென்று இரும்புச் சட்டம் ஒன்றைத் தேடிக்கொண்டது. மொட்டைமாடியில் தொட்டிச் செடிகளுக்கு நடுவே, மாலை ஆறு மணிக்கு, பேத்தியை மடியில் வைத்து ஆடிக்கொண்டு கீரை ஆயும் பாட்டிமார்களை எங்கள் தெருவில் எண்ணிக் காட்ட முடியும். யாழ்ப்பாணத்தில் ஊஞ்சல் என்றால் சித்திரை வருடப்பிறப்புக்கு மாமரக் கொப்பில் கட்டும் கயிறு. நாள் முடிந்ததும் கழற்றிவிடுவோம். இந்த ஒன்றில் கோயம்புத்தூரிடம் நல்லூர் பாடம் கேட்கலாம்.

இலங்கையில் இரும்புக்கு எதிரி மழையும் உப்பும். ஜோத்பூரில் வருட மழை 400 மில்லிமீட்டருக்கும் குறைவு, கோயம்புத்தூரில் ஏறத்தாழ 700. கொழும்பில் 2,400 அளவில் பெய்கிறது, அதோடு கடற்காற்று. காற்றில் வரும் உப்பு இரும்பின்மேல் படிந்து ஈரத்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும். வெயில் அடித்தாலும் அடியில் காயாது. டெல்லி மெஹ்ரௌலியில் 1,600 வருடமாக இற்றுப்போகாமல் நிற்கும் ஏழு மீட்டர்த் தூணின் இரும்பில் பாஸ்பரஸ் கூடுதலாக இருப்பதால் மேலே ஒரு காப்புப் படலம் உருவானது என்று ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள். டெல்லியின் உலர்ந்த காற்றும் அதற்குத் துணை. அதே தூணைக் கொழும்பின் காலி முகத்திடலில் நட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அடிக்கடி யோசிப்பேன்.

ஆனால் இலங்கைக் காற்றைக் குறை சொல்லவும் மனம் வரவில்லை. பலாங்கொடைக்கு அப்பால் சமனலவெவவில் மேற்குப் பார்த்த மலைச்சரிவுகளில் பழைய இரும்பு உலைகளைத் தொல்லியலாளர் ஜில் ஜூலெஃப் கண்டறிந்து, 1996இல் ‘நேச்சர்’ இதழில் எழுதினார். துருத்தி இல்லாமல், தென்மேற்குப் பருவக்காற்றைக் கொண்டே ஊதிய உலைகள். 7 முதல் 11ஆம் நூற்றாண்டு வரை அப்படி இரும்பும் உருக்கும் எடுத்திருக்கிறார்கள். மாதிரி உலை ஒன்றைக் கட்டி, காற்று வரக் காத்திருந்து, இரும்பு எடுத்தும் காட்டினார் அவர். அன்று இரும்பைப் பிறப்பித்த காற்றுத்தான் இன்று எங்கள் வாங்கைத் தின்கிறது.

தின்னும் என்று தெரிந்ததால் இலங்கைக்காரர் இரும்பைக் குறைவாக, யோசித்து வைத்தார்கள் என்பது என் கணிப்பு. நாலு கதிரையைப் பராமரிப்பது கஷ்டம், ஒன்று போதும். ஒன்றுதான் என்றால் அதற்கு மிக நல்ல இடத்தைத் தேட வேண்டும். இந்தத் தேடலை உச்சத்துக்குக் கொண்டுபோனவர் கட்டடக்கலைஞர் ஜெஃப்ரி பாவா. பெந்தோட்டைக்கு அருகே தெத்துவ வாவிக்கரையில் ஒரு ரப்பர் தோட்டத்தை 1948இல் வாங்கி, 2003இல் இறக்கும்வரை அதைச் செதுக்கிக்கொண்டே இருந்தார். லுணுகங்க என்ற அந்தத் தோட்டத்தில் இருக்கைகள் கூட்டமாக இல்லை. காலைக்கு ஓரிடம், வெயில் தாழ்ந்த பின் ஓரிடம் என்று தனித்தனியாகக் கிடக்கின்றன. ஒவ்வொன்றிலும் உட்கார்ந்தால்தான் அது ஏன் அங்கே என்று விளங்கும்: ஒன்றில் வாவி, ஒன்றில் கறுவா மேட்டில் மரத்தடியில் நிற்கும் பெரிய சாடி. அவற்றில் பல கொங்கிறீட், சில கல். இரும்பா மரமா என்பதே அங்கே இரண்டாவது கேள்வி.

பாவாவிடம் வசதி இருந்தது, நிலம் இருந்தது என்பது உண்மை. ஆனால் எங்கள் அப்பப்பா நான்கு பரப்புக் காணியில் செய்ததும் அதுவேதான். இந்தப் பழக்கத்துக்குக் காரணம் வேலி என்று நினைக்கிறேன். யாழ்ப்பாண வீடு கிடுகு வேலிக்குள் ஒளிந்திருந்த வீடு. தெருவில் போகிறவருக்கு முற்றம் தெரியாது. எனவே முற்றத்தில் கிடப்பது வீட்டாருக்காகக் கிடப்பது. தமிழ்நாட்டு வீடோ திண்ணையைத் தெருவுக்கே திறந்து வைத்தது. திண்ணை போய்ப் புல்தரை வந்த பின்னும் அந்த நான்கு நாற்காலிகள் திண்ணை வேலையைத்தான் செய்ய முயல்கின்றன: வாங்க, உட்காருங்க, என்று தெருவுக்குச் சொல்கின்றன. அந்த அழைப்பு எனக்குப் பிடிக்கும். என் வருத்தம், அந்த நாற்காலிகளில் யாரும் உட்காருவதில்லை என்பதுதான். சித்திரை மாதம் பகல் பதினொரு மணிக்கு நிழலில்லாப் புல்தரையில் கிடக்கும் இரும்பைத் தொட்டுப் பார்த்தவர்களுக்குக் காரணம் தெரியும். அவ்வளவு அழகான வேலை, வருடம் முழுக்க வெயிலில் காய்கிறது. அதைப் பத்தடி தள்ளி வேப்பமரத்தடிக்கு நகர்த்தினால் வீட்டு ஆட்கள் தாமாகவே வந்து உட்காருவார்கள்.

போன வருடம் நானும் ஒரு நாற்காலியும் ஒரு மேசையும் செய்வித்தேன். பட்டறைத் தம்பிக்கு ஆச்சரியம். “ஏனுங்கக்கா, ஒண்ணு மட்டும் போதுங்களா? செட்டா எடுத்தா விலை குறைச்சுப் போட்டுத் தரனுங்க” என்றார். ஒன்று போதும் என்றேன். பைப்பு வேண்டாம், முழுக் கம்பியில் செய்யுங்கள் என்றும் கேட்டுக்கொண்டேன். பைப்புக்குள் ஒட்டின் நுண்ணிய துளை வழியே நீர் இறங்கும். வெளியே பளபளவென்று இருக்க, உள்ளிருந்து அரித்து ஒருநாள் கால் மடங்கும். பவுடர் கோட்டிங்கும் அப்படித்தான்: கீறல் விழாதவரை ராஜா, விழுந்துவிட்டால் தோலுக்கடியில் துரு கொப்புளமாகப் பரவும். கடலோர ஊர்க்காரர்கள் துத்தநாகக் குளியல் போட்ட பின் பெயின்ட் அடிப்பது நல்லது. கோயம்புத்தூருக்கு ரெட் ஆக்ஸைடு இரண்டு கை, எனாமல் இரண்டு கை போதும். மேசை மேற்பலகைக்குக் கடப்பைக்கல் போட்டுக்கொடுத்தார். அது இங்கத்தைய புத்திசாலித்தனம். கால்களுக்கடியில் மட்டும் நல்லூர் வழக்கப்படி காலுக்கொரு தட்டைக்கல் வைத்தேன், மண் ஈரம் ஏறாமல் இருக்க.

இருக்கையில் நீர் தேங்கும் குழி விழாமல் பார்த்துக்கொள்வதை இலங்கைக்காரருக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. டெங்கு அங்கே வீடு வீடாக வந்துபோன நோய். பூச்சாடித் தட்டிலும் திறந்த குழாய் முனையிலும் நீர் நிற்கிறதா என்று பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்து குனிந்து பார்ப்பார். அந்தூரியச் சாடி வைக்கும் இரும்புத் தட்டுக்குக்கூட அம்மா ஆணியால் துளை போட்டு வைத்திருந்தார்.

இரும்பில் சாடித் தட்டு செய்வது என்பதே எங்கள் ஊருக்குப் பின்னர் வந்த ஆடம்பரம். போர் நடந்த 1990களில் வடக்குக்கு இரும்பும் சீமெந்தும் இலேசில் வராது. 1990இல் நின்ற ரயில் யாழ்ப்பாணம்வரை மறுபடி வந்தது 2014இல். அதற்குள் தண்டவாளங்கள் பதுங்குகுழிகளுக்குப் போயிருந்தன. 1995 ஐப்பசியில், போரில் எங்கள் வலிகாமப் பகுதியே வெளிக்கிட்டபோது, தூக்க முடியாத கனம் என்பதால் வாங்கை விட்டுவிட்டுப் போனோம். அடுத்த வருடம் திரும்பினால் கதவுகள் இல்லை, யன்னல்கள் இல்லை, கிணற்றுக் கப்பி இல்லை. மாமரத்தடியில் வாங்கு இருந்தது. அப்பா உள்ளே போய்ப் பார்க்கவில்லை. முதலில் அதில்தான் போய் உட்கார்ந்தார், கிணற்றைப் பார்த்தபடி.

போன மாதம் அண்ணன் மகன் நல்லூரிலிருந்து தொலைபேசியில் அழைத்தான்.

“மாமி, பழைய இரும்பு எடுக்கிறவர் படலையடியில நிக்கிறார். வாங்கின்ர பின்கால் ரெண்டும் இத்துப்போச்சு. குடுக்கட்டோ?”

“வேண்டாம் ராசா. காலைமட்டும் வெட்டிப்போட்டுப் புதுக் கம்பி ஒட்டலாம். மழை விட்ட பிறகு, தை பிறக்க நான் வாறன்.”

“அப்ப அதுவரைக்கும் விறாந்தைக்குத் தூக்கி வைக்கவோ?”

“தூக்கி வை. ஆனால் இருந்த இடத்தில நாலு கல்லும் அப்பிடியே கிடக்கட்டும்.”